என்னைக் காப்பாற்ற வருகிறாயாமே

தம்பி, பெற்ற அம்மா நம்பரையே நீ பிளாக் செய்துவிட்டாய். சரி, அது உன் போன், உன் விரல். ஆனால் நம் குடும்ப குரூப்பை விட்டு நீ இன்னும் வெளியேறவில்லை என்பதைப் பார்த்தேன். அதனால் இதை இங்கேயே போடுகிறேன். உன் பெரிய மாமா, அத்தை, பெங்களூரில் இருக்கும் சித்தி, எல்லோரும் படிக்கட்டும். எப்படியும் கொஞ்ச நாளாக ஆளாளுக்குத் தனித்தனியாக என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் நானும் உட்கார்ந்து பேசினால் என்ன? பெரிய மாமா, இதைப் படித்துவிட்டு அந்தக் கும்பிடுகிற கையைப் போடாதீர்கள். அது நன்றியா, கண்டனமா, அஞ்சலியா என்று எனக்கு இதுவரை புரிந்ததே இல்லை. தம்பி, இது நீளமாக இருக்கும். பாதியில் 'மேலும் படிக்க' என்று வரும், அதை அழுத்து. பாதியோடு விட்டுவிட்டுக் கோபப்படுவது சின்ன வயதிலிருந்தே உனக்குப் பழக்கம்.

அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்தில் கடலை ஒட்டி இருக்கும் ஒரு ரிசார்ட்டில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அங்கே எலெக்ட்ரீஷியனாக இருக்கும் பாஸ்கரை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். கடப்பாக்கத்துக்காரர், மனைவி இறந்து பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. எனக்கு நாற்பத்தொன்பது, அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட. இந்தக் காதலர் தினக் கூட்டம் ஓய்ந்ததும் செங்கல்பட்டில் ரிஜிஸ்டர் செய்வதாக இருக்கிறோம். இதை யார் மூலமாகவும் சொல்லி அனுப்பவில்லை. பொங்கலுக்கு வந்தபோது நம் வீட்டில், உனக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து நானே சொன்னேன். நீ தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாய். "இந்த வயசுல உனக்கு இன்னாம்மா கேடு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாய். அத்தனை வருடம் 'அங்கிள்' என்று கூப்பிட்டவரை அன்றைக்கே 'அந்தாளு' ஆக்கிவிட்டாய். நம் வீட்டு ஃபேன் ஓடாதபோது வந்து சரி செய்தவர் அங்கிள். நீ முதல் இன்டர்வியூவுக்குப் போகத் தன் பைக்கைக் கொடுத்தவரும் அங்கிள். இந்த அந்தாளு யாரென்று எனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து எல்லோருக்கும் சொல்லியிருப்பாய். என் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். பிப்ரவரி பிறந்தாலே எங்கள் ரிசார்ட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இரண்டு துண்டை மடித்து இரண்டு அன்னமாக்கி, மூக்கும் மூக்கும் ஒட்டுகிற மாதிரி கட்டில்மேல் வைக்க வேண்டும். சுற்றி ரோஜா இதழ் தூவ வேண்டும். விருந்தாளிக்கு அது காதல். எனக்கு அது மறுநாள் வேலை. இதழ் நசுங்கி வெள்ளைப் படுக்கைவிரிப்பில் சாயம் ஏறினால் சாமானியத்தில் போகாது. சாயங்காலமானால் புல்தரையில் பெரிய வெள்ளைத் துணி கட்டிக் காதல் படம் போடுவார்கள். கூடவே 'சர்ப்ரைஸ்' என்று ஒரு கூத்து உண்டு. பணம் கட்டியிருந்தால் படத்தின் நடுவில் திடீரென்று ஒருவன் எழுந்து பாடுவான், கேக்குக்குள்ளிருந்து மோதிரம் வரும், அவள் அழுவாள், எல்லோரும் கை தட்டுவார்கள்.

அந்த நேரத்தில்தான் நீ உன் சிநேகிதர்கள் நாலு பேரோடு கடற்கரைப் பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தாய். பாஸ்கர் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ போய்ச் சட்டையைப் பிடித்தாய். "யோவ், எங்கம்மாவ இன்னாய்யா பண்ணி வச்சிகினுகீற?" என்று நீ கத்தியது எனக்கு வராண்டா வரை கேட்டது. இழுத்த இழுப்பில் துணி கிழிந்து, நீங்கள் இரண்டு பேரும் அதைத் தாண்டிக்கொண்டு இந்தப் பக்கம், விருந்தாளிகள் முன்னால் வந்து விழுந்தீர்கள். படம் உங்கள் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், தம்பி. சர்ப்ரைஸ் என்று நினைத்துக்கொண்டு விசில் அடித்தார்கள், போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒரு பெண் ஓடி வந்து உன் கையில் ரோஜாப்பூவைத் திணித்து, "யாருங்க அந்தப் பொண்ணு? சீக்கிரம் சொல்லுங்க!" என்று குதித்தாள். அந்தப் பொண்ணு நான்தான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இடுப்பில் சாவிக்கொத்தும் கையில் துண்டு அடுக்குமாக நான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பதா, உன் கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியாமல் துண்டு அடுக்கை இறுக்கிக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, உன் ஆட்கள் உன்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேனேஜர் வந்து போலீசைக் கூப்பிடப் போனார். பாஸ்கர் உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "வயர்ல கால் மாட்டிகிச்சி சார். மேடம் பையன் என்னியப் புடிக்க வந்தான், அவனும் சேந்து வுழுந்துட்டான்" என்றார். மேனேஜர் நம்பவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். உடனே பாஸ்கரைத் தெய்வம் என்று நினைத்துவிடாதே, அவர் தெய்வம் இல்லை. துணி அடுக்கும் லினன் ரூமில் நான் பஞ்சு வைத்து உதட்டைத் துடைத்தபோது, "உங்க பையன்னு ஒரு தபாதான் வுட்டேன். அடுத்த தபா அவன் கை வச்சா நானும் வைப்பேன், எனக்கும் கை கீது" என்றார். கோபத்தில் கண் சிவந்திருந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. அன்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அந்தப் பயத்தைக் கூட்டிவிட்டது. "வாலண்டைன்ஸ் டே அன்னிக்கு வருவோம். அந்தாளு அங்க இருக்கக் கூடாது. இருந்தான்னா கை காலு இருக்காது. உன்ன இட்டுனு வந்துடுவேன். உன்னக் காப்பாத்தத்தான்மா." அனுப்பிய கையோடு பிளாக்.

காப்பாற்றவா? யாரிடமிருந்துடா?

உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தவளே நான்தான். விருந்தாளிகளின் பிள்ளைகள் அறையில் விட்டுப்போன சூப்பர்ஹீரோ காமிக்ஸ், யாரும் கேட்டு வராவிட்டால் எங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாராந்திர விடுமுறைக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வருவேன், நீ என் முகத்தைப் பார்க்காமல் பையைத்தான் பார்ப்பாய். இரண்டு பேரும் பாயில் குப்புறப் படுத்துப் படிப்போம். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் ஏறும். ஏறாத இடத்தில் நானே கதை கட்டுவேன். வானத்தில் பறக்கிறவன் "அய்ய, எவன்டா அவன், வண்டிய ஓரமா வுடு" என்று பேசுவான், நீ புரண்டு புரண்டு சிரிப்பாய். எனக்கு அந்தப் புத்தகங்கள் பிடிக்காது என்று நினைத்துவிடாதே. பிடிக்கும். ஆனால் வீடு கூட்டுகிறவள் கண்ணால் பார்த்தால் சில கேள்விகள் வரும். இத்தனை கட்டடத்தை இடித்துப் போட்டுவிட்டுப் பறந்து போகிறானே, கண்ணாடியை யார் பெருக்குவது? நீயோ "இன்னாம்மா நீ" என்று சலித்துக்கொள்வாய். இன்னொன்று: எந்த ஹீரோவுக்கும் அம்மா உயிரோடு இருக்க மாட்டாள். ஆரம்பத்திலேயே அப்பனையும் அம்மாவையும் கொன்றுவிட்டுத்தான் அவனுக்கு உடை தைப்பார்கள். அம்மா இருந்தால் பிள்ளை பறக்க மாட்டான் என்று அந்தக் கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியும் போலிருக்கிறது. நான் இருக்கிறேன், தம்பி. அதுதான் உன் கதையில் இப்போது சிக்கல்.

ஆனால் அந்தப் புத்தகங்களில் ஒரு விஷயம் நியாயமாக இருக்கும். சண்டைக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் அவன் சும்மா நிற்பான், தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஊரில் எங்கேயோ யாரோ கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். குரல் கேட்டால்தான் கிளம்புவான். நீ அந்தக் கட்டத்தைப் படிக்கவே விட மாட்டாய். "இது வாணாம், திருப்பும்மா, சண்ட அடுத்த பக்கத்துல கீது" என்று என் கையைத் தள்ளிவிட்டுத் திருப்புவாய். இப்போதும் அதையேதான் செய்கிறாய். நான் கத்தினேனா? காப்பாற்று என்று போன் செய்தேனா? ஒரு நாளாவது அழுத குரலில் பேசினேனா? நீ கேட்காமல் பக்கத்தைத் திருப்பிவிட்டுச் சண்டைக்கு வந்து நிற்கிறாய்.

பாதிப் புத்தி காமிக்ஸ் என்றால் மீதி அந்தக் காதல் படங்கள். அதையும் எனக்குக் கற்றுத்தர வேண்டாம், வருஷா வருஷம் பிப்ரவரியில் நான் பார்க்காத காதல் படம் இல்லை. ஒரே வித்தியாசம், நாங்கள் திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்போம். புல்தரையில் விருந்தாளிகள் இருக்கும்போது நாங்கள் உட்காரக் கூடாது. துணிக்குப் பின்னால் காலி பாட்டில் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நானும் பாஸ்கரும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாகத் தெரியும், எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஓடும், கதாநாயகன் இடது கையால் தாலி கட்டுவான். "இன்னா மேடம் இவன், எப்பப் பாத்தாலும் மழையிலியே லவ் பண்றான், சுத்தி இவ்ளோ லைட்டு கட்டிக்கீறாங்கோ, ஒரு எர்த் அடிச்சா இன்னாவறது?" என்பார். நான் புரையேறிச் சிரிப்பேன். உன் அப்பா இறந்த பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. அந்தப் படங்களில் பெண் வேண்டாம் என்பாள், அவன் விட மாட்டான். பஸ் ஸ்டாப்பில் நிற்பான், வீட்டு வாசலில் நிற்பான், கையைக் கிழித்துக்கொள்வான், இடைவேளைக்குள் அவள் சிரித்துவிடுவாள். அம்மாவாக வருகிறவளுக்கு என் வயதுகூட இருக்காது. அவளுக்கு மூன்று வேலை: காபி கொடுப்பது, முந்தானையை வாயில் வைத்து அழுவது, கடைசியில் இரண்டு கையைப் பிடித்துச் சேர்த்து வைப்பது. அவளுக்கென்று ஒரு கை உண்டு, அதை யாராவது பிடிப்பார்களா என்று எந்தப் படமும் கேட்கவில்லை.

பாஸ்கர் என்னிடம் எப்படிக் கேட்டார் தெரியுமா? போன வருடத்துக்கு முந்தின வருடம் மழைக்காலம், கடல் சீற்றமாக இருந்ததால் அறைகள் காலி. ஜெனரேட்டர் ரூம் வாசலில் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டைப் பார்த்துக்கொண்டே, "மேடம், வேலைய வுட்டு நின்னப்புறம் நாம ஒரே வூட்ல இருக்கலாமான்னு யோசிச்சிகினுகீறேன். நீங்களும் யோசிச்சி சொல்லுங்க. வாணாம்னாலும் ஒண்ணியும் இல்ல, நாளைக்கும் நாஸ்தாவுக்கு வருவேன்" என்றார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எழுந்து போய்விட்டேன். மறுநாள் வந்தார், இட்லியைச் சாப்பிட்டார், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. நான் சரி என்று சொல்லச் சில மாதங்கள் ஆகின. அத்தனை மாதமும் அவர் இட்லிதான் சாப்பிட்டார். 'வேண்டாம் என்றாலும் ஒன்றும் இல்லை' என்கிற இந்த ஒரு வசனத்தை எந்தக் கதாநாயகனும் பேசி நான் பார்த்ததில்லை. உனக்கும் ஒருத்தியைப் பிடிக்கிற நாள் வரும், தம்பி. பூவையும் கேக்கையும் தூக்கிக்கொண்டு போகாதே. இந்த வசனத்தை எடுத்துக்கொண்டு போ, அதை மனதோடு சொல்ல முடிந்தால் மட்டும் போ.

"அப்பா போட்டோவ இன்னா பண்ணப் போற?" என்று கேட்டாய். அதில் மட்டும் உன் குரல் உடைந்தது, எனக்குத் தெரியும். போட்டோ என்னோடுதான் வரும். பாஸ்கர் வீட்டில் எந்தச் சுவர் என்றுகூடப் பார்த்தாகிவிட்டது, ஆணி அடிக்கப்போவது அவர்தான். உன் அப்பா நல்ல மனிதர். கல்யாணமான புதிதில் செங்கல்பட்டில் என்னைக் காதல் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டாவது பாட்டிலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். லாரி ஓட்டிவிட்டு வந்த அலுப்பு. எழுப்ப மனமில்லாமல் முழுப் படத்தையும் தோளை ஆட்டாமல் பார்த்தேன். அவர்மேல் வைத்த ஆசையை எடுத்து இவருக்குக் கொடுக்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது. இது வேறு. இரண்டும் ஒரே மனதில் எப்படி இருக்கும் என்று கேட்காதே, இருக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி ஊர் பேசும் என்கிறாய். உன் கம்பெனி பஸ்ஸில் பேசுவார்கள், தெருவில் பேசுவார்கள், தெரியாமலா? ஜுரத்தில் நான் தனியாகக் கிடந்தபோது இந்த ஊர் வந்து கஞ்சி வைத்ததா என்று உன் அத்தையைக் கேள், அவளும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறாள்.

இப்போது நாளை மறுநாள் விஷயத்துக்கு வருகிறேன். அன்று ஓர் அறைகூடக் காலி இல்லை, யாருக்கும் லீவும் இல்லை. "நா வேணா ஒரு நாளு ஊருக்குப் போய்க்கினு வர்றேன் மேடம், இன்னாத்துக்குப் பேஜாரு" என்று பாஸ்கர் கேட்டார். எங்கேயும் போகக் கூடாது என்று நான்தான் சொன்னேன். ஒளிய என்ன செய்துவிட்டோம்? கடற்கரைக் கதவை இப்போது பூட்டி வைக்கிறார்கள், நீ ரோட்டுப் பக்கக் கேட் வழியாகத்தான் வர வேண்டும். அங்கே நான் நிற்பேன். அந்த நாலு பேரோடு நீ வந்தால் போலீசுக்குப் போன் செய்வது மேனேஜர் இல்லை, நான். புகாரில் கையெழுத்துப் போடுவதும் நான்தான். "பெத்த புள்ள மேலயா?" என்று அத்தை நெஞ்சில் அடித்துக்கொள்வாள். ஆமாம், பெற்ற பிள்ளை மேலேதான். கேஸ் ஆனால் உன் வேலை போய்விடும், அதுவும் தெரியும். இந்த வரியை மூன்று தடவை அழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மட்டும் வந்துவிடாதே. உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன், அதனால்தான் நீ ஒரு மனிதனின் கை காலை உடைத்தவனாக ஆக விட மாட்டேன்.

தனியாக வந்தால் வேறு கதை. நீ அவரைக் கும்பிட வேண்டாம், கை கொடுக்க வேண்டாம், என்னை வாழ்த்தக்கூட வேண்டாம். கல்யாணத்துக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் பொங்கலிலிருந்து எத்தனையோ கேள்வி கேட்டாய். கேடு என்ன என்று கேட்டாய், போட்டோவைக் கேட்டாய், ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாய், புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டாய். நீயும் கேட்காமல், இந்தக் குரூப்பில் இருக்கும் ஒரு ஆளும் கேட்காமல் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்காக மட்டும் கேட் வரைக்கும் வா. வந்து, "நல்லாக்கீறியாம்மா?" என்று கேள். கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடு, நான் தடுக்க மாட்டேன். பதிலை நேரில் சொல்லத்தான் ஆசை. நீ வருவாயோ, எப்படி வருவாயோ தெரியாததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்லாக்கீறேன்டா. இவ்ளோ வருஷம் கழிச்சி, இப்பத்தான் நல்லாக்கீறேன்.